பையன் சொல்வதை நம்பாதீர்கள், படத்தைப் பாருங்கள்: மிடில் ஸ்கூல் நாவலைச் சிரித்துப் படிக்க ஒரு வழிகாட்டி

என் அக்கா மகளுக்கு அப்போது பத்து வயது. ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். அமெரிக்காவில் மிடில் ஸ்கூலுக்குப் புதிதாகப் போகும் ஒரு பையன் படும் பாடுதான் கதை. "படிங்க சித்தி, செம காமெடி" என்றாள். நாற்பது பக்கம் படித்தேன். ஒரு புன்னகைகூட வரவில்லை. அதே நாற்பது பக்கத்துக்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டிருக்கிறாள். எனக்கு வயதாகிவிட்டது போலிருக்கிறது என்று புத்தகத்தை மூடப்போனேன். "சித்தி, அவன் பொய் சொல்றான், தெரியலையா? படத்தைப் பாருங்க."

பார்த்தேன். தெரிந்தது. முதல் பக்கத்துக்குப் போய் மறுபடி ஆரம்பித்தேன்.

இந்த வகை நாவலைத் தனியாகவோ ஒரு குழந்தையோடு சேர்ந்தோ முதல்முறை எடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாற்பது பக்கத்தை நான் வீணாக்கியதே போதும்.

முதலில், எந்தப் புத்தகம்?

'மிடில் கிரேடு' என்று புத்தகத்தின் பின்னட்டையிலோ கடையின் அலமாரியிலோ போட்டிருப்பார்கள். மிடில் ஸ்கூலும் அதுவும் ஒன்று என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் உண்டு. மிடில் கிரேடு என்பது பதிப்பகங்கள் வைத்துக்கொண்ட பெயர். ஏறக்குறைய 8 முதல் 12 வயது வாசகர்களுக்கானது. மிடில் ஸ்கூல் என்பது பள்ளி. பெரும்பாலான ஊர்களில் 6, 7, 8-ஆம் வகுப்புகள், 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள். ஆக, கதை சொல்பவன் வாசிப்பவரைவிட ஓரிரு வயது மூத்தவனாக இருப்பான். வேண்டுமென்றே அப்படி வைப்பதுதான். பிள்ளைகளுக்குத் தங்களைவிடக் கொஞ்சம் பெரியவர்களின் உலகத்தை எட்டிப்பார்க்கத்தான் ஆசை. ஒன்பது வயதுக் குழந்தைக்கு இந்தப் புத்தகம் வேவு பார்க்கிற வேலை: இன்னும் இரண்டு வருடத்தில் நமக்கு என்ன காத்திருக்கிறது?

பதின்மூன்று வயதுக்காரனிடம் அதையே நீட்டினால், "இது சின்னப் பசங்க படிக்கிறது" என்று தள்ளிவிடலாம். வற்புறுத்தாதீர்கள். மேசையில் போட்டுவிட்டுப் போய்விடுங்கள். ராத்திரி அது காணாமல் போயிருக்கும்.

வடிவத்தில் மூன்று வகை உண்டு. முழுக்க உரைநடையாக இருப்பவை, முழுக்கப் படக்கதையாக இருப்பவை, இரண்டுக்கும் நடுவில் பையனே தன் நோட்டில் எழுதிக் கிறுக்கியதுபோல வரும் டைரி வடிவம். புதிதாக வருகிறவர்களுக்கு டைரி வடிவத்தைத்தான் சொல்வேன். இதைப் பரவலாக்கியவர் ஜெஃப் கின்னி. நாளிதழ்களில் கார்ட்டூன் தொடர் வரைய ஆசைப்பட்டு, அது கைகூடாமல் போனதால், தன் கோட்டுப் படங்களை ஒரு பள்ளிப் பையனின் கிறுக்கலாக மாற்றிக்கொண்டார். 2004-இல் இணையத்தில் தொடராக ஆரம்பித்த அவருடைய 'டைரி ஆஃப் எ விம்பி கிட்' 2007-இல் அச்சுக்கு வந்தது. அவர் மனதில் வைத்து எழுதியது, பழைய நாட்களை நினைத்துச் சிரிக்கும் பெரியவர்களை. குழந்தைகள் பிரிவில் போடலாம் என்று முடிவு செய்தது பதிப்பகம். எனவே "இந்த வயதில் இதைப் படிக்கிறேனே" என்று கூச்சப்பட ஒன்றுமில்லை.

வாங்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். நடுவில் படம் உள்ள ஒரு பக்கத்தைத் திறங்கள். படம் எழுத்தையே திரும்பச் சொல்கிறதா, அல்லது எழுத்து சொல்லாததைச் சொல்கிறதா? "நான் கீழே விழுந்தேன்" என்ற வரிக்கு அடியில் ஒருவன் விழுவதுபோல் படம் இருந்தால் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடலாம். "நான் கவனமாக உட்கார்ந்தேன்" என்ற வரிக்கு அடியில் ஒருவன் விழுகிறானா? எடுத்துக்கொள்ளுங்கள்.

அச்சுப் புத்தகமாகவே கிடைத்தால் நல்லது. இந்த நாவல்களில் பாதி நகைச்சுவை பக்கத்தைத் திருப்பும் இடத்தில்தான் இருக்கிறது. வலப்பக்கக் கடைசி வரியில், "இதைவிட மோசமாக எதுவும் நடக்காது என்று நினைத்தேன்." திருப்பினால், இரண்டு பக்கத்தையும் நிறைத்து ஒரு படம். செல்போன் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் அந்த அமைப்பே கலைந்து, படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். ஒலிநூலாகக் கேட்பது தனிச் சுகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது இரண்டாவது முறைக்கு.

அடுத்து, அந்தப் பள்ளிக்கூடத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பெரியவர்கள் தடுமாறுவது இங்கேதான். வார்த்தைகள் புரிந்துவிடும், பயம் புரியாது. பயம் புரியாவிட்டால் சிரிப்பும் வராது.

அமெரிக்கத் தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே வகுப்பறை, ஒரே டீச்சர், நாள் முழுக்க. மிடில் ஸ்கூல் போனதும் பாடத்துக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு டீச்சர். மணி அடித்தால் டீச்சர் அறை மாறுவதுதான் நம்மில் பலருக்குப் பழக்கம். அங்கே மாறுவது பிள்ளைகள். பள்ளியே மொத்தமாக எழுந்து நடைக்கூடத்தில் இறங்கும். கிடைப்பது மூன்று முதல் ஐந்து நிமிடம். அதற்குள் லாக்கரைத் திறந்து, புத்தகத்தை மாற்றி, கழிவறைக்குப் போய், கட்டடத்தின் மறுகோடியில் இருக்கும் அறையைக் கண்டுபிடித்து உட்கார வேண்டும். நாவலில் "எனக்கு நான்கு நிமிடம் இருந்தது" என்று வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள், ஏதோ நடக்கப்போகிறது.

அந்த லாக்கர் பூட்டு இருக்கிறதே, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாவி கிடையாது. வட்டமான முகப்பில் 0 முதல் 39 வரை எண்கள். உங்களுக்கென்று மூன்று எண்கள் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்று தருவார்கள். வலப்பக்கமாக மூன்று முழுச் சுற்று சுற்றி முதல் எண்ணில் நிறுத்த வேண்டும். அப்புறம் இடப்பக்கமாகத் திருப்பி, முதல் எண்ணை ஒருமுறை தாண்டிப்போய், இரண்டாவது எண்ணில் நிறுத்த வேண்டும். மறுபடி வலப்பக்கம், நேராக மூன்றாவது எண். தாண்டிப்போய்விட்டால் முதலிலிருந்து. இதைப் பதினோரு வயதுப் பிள்ளை, முதல் நாள், வியர்த்த கையோடு, பின்னால் நூறு பேர் இடித்துக்கொண்டு போகும்போது செய்து பார்க்கிறது. ஒரு முறை இந்தக் காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டால், லாக்கர் அத்தியாயங்கள் அத்தனையும் தானாகச் சிரிப்பு மூட்டும்.

இதைவிடப் பெரிய பயம் கஃபடேரியா, அதாவது பள்ளியின் சாப்பாட்டுக் கூடம். கையில் தட்டு, எதிரே நீள நீளமான மேசைகள், எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கும் அந்தப் பத்து விநாடி. இந்த வகை நாவல்களில் இந்தக் காட்சி இல்லாத ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. பழைய நண்பன் வேறு மேசையில், புதுக் கூட்டத்தோடு, இவனைப் பார்க்காததுபோல் இருக்கிறான். பையன் அதை, "இன்று நூலகத்தில் சாப்பிட முடிவு செய்தேன், அங்கே காற்றோட்டம் நன்றாக இருக்கும்" என்று எழுதுவான். சிரித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போகலாம். ஆனால் அந்த நண்பனின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஹோம்ரூம் என்பது காலையில் வருகைப்பதிவும் அறிவிப்பும் நடக்கும் வகுப்பு. ஹால் பாஸ் என்பது பாட நேரத்தில் வெளியே போக டீச்சர் தரும் அனுமதி. பல கதைகளில் அது அபத்தமாகப் பெரிய ஏதோ ஒரு பொருளாக இருக்கும், தொலைத்துவிடக் கூடாதாம். டிடென்ஷன், பள்ளி முடிந்த பிறகு உட்கார வைக்கும் தண்டனை. மதிப்பெண்ணில் ஏ, பி, சி, டி வரிசைக்குப் பிறகு இ-யைத் தாண்டி எஃப் வரும், அதுதான் ஃபெயில். சப்ஸ்டிட்யூட் டீச்சர் என்றால் வழக்கமான டீச்சருக்குப் பதிலாக அன்றைக்கு மட்டும் வந்த பாவப்பட்ட ஜீவன். வெட்ஜி என்றால் பின்னாலிருந்து ஜட்டியைப் பிடித்து மேலே இழுத்துவிடுவது. இதை என் அக்கா மகள் எனக்குச் செய்முறை விளக்கமாகக் காட்ட முன்வந்தாள், வேண்டாம் என்றுவிட்டேன்.

மஞ்சள் பள்ளிப் பேருந்துக்கு ஒரு வரி. அந்த மஞ்சள், 1939-இல் நியூயார்க்கில் நடந்த ஒரு மாநாட்டில் முடிவான நிறம். விடியற்கால மங்கல் வெளிச்சத்திலும் அதன்மேல் கருப்பு எழுத்து பளிச்சென்று தெரியும் என்பதற்காக. கதைக்கு அதைவிட முக்கியம், கடைசி இருக்கைகள் பெரிய பிள்ளைகளுக்கு என்ற எழுதாத சட்டம். புதுப் பையன் தெரியாமல் போய் அங்கே உட்காருவான்.

கதையின் காலக்கணக்கும் பள்ளி ஆண்டோடு ஓடும். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ தொடக்கம், அக்டோபர் 31-இல் ஹாலோவீன் வேடம், நவம்பர் நான்காம் வியாழன் நன்றியறிதல் நாள், டிசம்பர் விடுமுறை, பிப்ரவரி 14-இன் காதலர் தின அட்டைகள், மே அல்லது ஜூனில் இயர்புக் என்ற பள்ளி ஆண்டு மலரில் கையெழுத்து. அறிவியல் கண்காட்சி வந்தால் எரிமலை வரும், எரிமலை வந்தால் சமையல் சோடாவும் வினிகரும் அளவுக்கு மீறிப் போகும். இந்த வரிசை பிடிபட்டுவிட்டால், அடுத்து எந்த விபத்து என்று முன்கூட்டியே ஊகித்துக் காத்திருக்கலாம். காத்திருப்பதே பாதி வேடிக்கை.

இந்த மூன்று வருடம் ஏன் தனிப் பள்ளியாக இருக்கிறது என்று எனக்கும் தோன்றியது. 1909-இல் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் 'ஜூனியர் ஹை' என்ற பெயரில் ஆரம்பித்த ஏற்பாடு இது. அப்போது 7, 8, 9-ஆம் வகுப்புகள். 1960-களிலிருந்து 6-ஆம் வகுப்பை உள்ளே இழுத்து 9-ஆம் வகுப்பை வெளியே தள்ளிய மிடில் ஸ்கூல் பரவியது. விளைவு, ஒரே நடைக்கூடத்தில் இன்னும் பால் பல் விழாத ஒருவனும், மீசை அரும்பி அப்பா குரலில் பேசும் ஒருவனும். நாவலாசிரியர்களுக்கு வேறென்ன வேண்டும்?

இப்போது முக்கியமான படிக்கு வருவோம். பையனை நம்பாமல் படிப்பது.

உதாரணத்துக்கு நானே ஒன்று கட்டிச் சொல்கிறேன். பையன் எழுதுகிறான்: "நான் கஃபடேரியாவுக்குள் நுழைந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சேர்ந்து மூன்றே நாளில் எனக்கு இங்கே ஒரு பெயர் வந்துவிட்டது." இதை மட்டும் படித்தால் தற்பெருமை. கீழே படம்: நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் ஒரு குச்சி மனிதன், அவன் செருப்பில் ஒட்டிக்கொண்டு வாசல் வரை வால்போல நீளும் கழிவறைத் தாள். கவனியுங்கள், படத்தை வரைந்தவனும் அவனேதான். கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. அதுதான் சிரிப்பு.

எனவே வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் எழுத்து, அப்புறம் படம், அப்புறம் அந்த எழுத்தையே மறுபடி ஒருமுறை. மூன்றாவது பார்வையில்தான் நகைச்சுவை இறங்கும். பெரியவர்கள் படத்தை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறோம். வேகமாகப் படிப்பவர்களுக்குத்தான் இந்தப் புத்தகம் சப்பென்று இருக்கும்.

படம் இல்லாத இடத்திலும் பொய் கசியும். அவன் காரணங்களை எண்ணிக்கொண்டே போகும்போது சந்தேகப்படுங்கள். "மீன்தொட்டியை உடைத்தது நான் இல்லை. அப்படியே நான் என்றாலும் அதில் ஏற்கனவே விரிசல் இருந்தது. அப்படியே இல்லாவிட்டாலும் அந்த மீன் சந்தோஷமாக இல்லை." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவன் ஒரு படி பின்வாங்குகிறான் பாருங்கள். மூன்றாவது காரணம்தான் எப்போதும் கவிழ்க்கும். பட்டியல் என்றால் மூன்றாவது வரியை மெதுவாகப் படியுங்கள்.

குழந்தைக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போகிறவர்களுக்கு நம் மொழி ஓர் அருமையான வசதியைக் கொடுத்திருக்கிறது. 'உடைத்தேன்' என்பதற்கும் 'உடைந்தது' என்பதற்கும் நடுவில்தான் எத்தனை குற்றங்கள் தப்பித்திருக்கின்றன! "தொட்டி உடைந்துவிட்டது, தண்ணீர் கொட்டிவிட்டது, மீன் டீச்சரின் கைப்பைக்குள் போய்விட்டது." யாரும் எதுவும் செய்யவில்லை, எல்லாம் தானே நடந்தது. இந்தத் தொனியில் சொல்லிப் பாருங்கள், ஐந்து வயதுக் குழந்தைகூடப் பிடித்துவிடும், ஏனென்றால் அதுவும் தினமும் இப்படித்தான் பேசுகிறது.

பையன், பையன் என்றே எழுதிக்கொண்டு வருகிறேன். பெண் பிள்ளை சொல்லும் கதைகளும் நிறைய உண்டு. நான் படித்தவரை அவற்றில் பொய்யின் திசை வேறு. பையன் தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்வான். இவள் தனக்கு எதுவுமே வலிக்கவில்லை என்று காட்டுவாள். "அவங்க என்னைக் கூப்பிடலை, நல்லதாப் போச்சு, எனக்கு எப்படியும் தலைவலி" என்கிற மாதிரி. ஒரு படி கூடுதல் நுட்பமானவை, எனக்கு இவைதான் பிடிக்கும்.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு ஒன்று. புரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைத் தேடாதீர்கள். நடுவில் நிறுத்தி அர்த்தம் பார்த்த நகைச்சுவை ஆறிப்போன தோசை. டீச்சர்களின் பெயரில் சிலேடை இருக்கும், கொச்சை இருக்கும். பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகருங்கள். அத்தியாயம் முடிந்த பிறகு திரும்பி வந்து பார்த்தால் பாதிப் புள்ளிகள் தானாகப் புரிந்திருக்கும். மீதியில் பாதி, புரியாவிட்டாலும் நஷ்டமில்லை.

குழந்தையோடு சத்தமாகப் படிப்பதானால், ஒரு ராத்திரிக்கு இரண்டு அத்தியாயம் போதும். அவை மூன்று, நான்கு பக்கம்தான் இருக்கும். பையனின் வரிகளைத் துளியும் சிரிக்காமல், செய்தி வாசிப்பதுபோல் படிக்க வேண்டும். வாசிப்பவர் சிரித்துவிட்டால் கேட்பவருக்கு வேலை இல்லாமல் போய்விடும். படம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு புத்தகத்தைக் குழந்தை பக்கம் திருப்புங்கள். விளக்காதீர்கள். சில சமயம் ஐந்து விநாடி ஆகும். அந்த ஐந்து விநாடி மௌனத்துக்குப் பிறகு வரும் சிரிப்பு, உங்கள் வாசிப்பால் வந்த எதையும்விடப் பெரியது.

இன்னொன்று, "அவன் செஞ்சது சரியா?" என்று கேட்காதீர்கள். பெற்றோர் பலருக்குக் கவலை உண்டு, இதைப் படித்துவிட்டுப் பிள்ளையும் பொய் சொல்ல ஆரம்பிக்குமோ என்று. அவன் பொய் சொல்கிறான் என்பதைக் கண்டுபிடித்ததால்தான் அது சிரிக்கிறது. சரி எது, தப்பு எது என்று தெரியாத குழந்தைக்கு இந்தப் புத்தகத்தில் சிரிக்க ஒன்றுமே இருக்காது. கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்று நாக்கு அரித்தால், "அந்த டீச்சர் அன்னைக்கு வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பாங்க?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் ஓடும்.

கடைசிக் கால்பகுதியில் ஒரு பக்கம் வரும், கொஞ்சம் தயாராக இருங்கள். இந்த வகையில் நல்ல நாவல்கள் எல்லாவற்றிலும் சிரிப்பு சட்டென்று நிற்கும் ஓர் இடம் உண்டு. இவ்வளவு நேரம் அவன் எதைச் சொல்லாமல் இருப்பதற்காக இத்தனை கதை அளந்தானோ, அது அங்கே வெளியே வரும். அப்பா வீட்டைவிட்டுப் போனது, வேலை போய் வீடு மாறியது, இறந்துபோன ஒருவரைப் பற்றி வீட்டில் யாரும் பேசாதது. பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் படமே இருக்காது, அல்லது ஒரு வெற்றுக் கட்டம் மட்டும் இருக்கும். முதலில் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த நண்பன், அவன் இங்கேதான் திரும்பி வருவான்.

இந்த இடத்தில் குரலை மாற்றாதீர்கள். அழுகைக் குரலுக்குப் போகவும் வேண்டாம், வேடிக்கை பேசித் தேற்றவும் வேண்டாம். அதே செய்தி வாசிக்கும் குரல். குழந்தை ஏதாவது கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பக்கத்தைத் திருப்புங்கள். அக்கா மகள் அன்று ஒன்றும் கேட்கவில்லை. என் கையைத் தள்ளிவிட்டு அந்தப் பக்கத்தை அவளே ஒருமுறை மெதுவாகப் படித்தாள். அப்புறம் "ம், அடுத்தது" என்றாள்.

முடித்த பிறகு உடனே இரண்டாம் பாகத்துக்கு ஓடாமல், முதல் ஐந்து படங்களை மட்டும் மறுபடி பாருங்கள். மூலையில், கூட்டத்தில், ஜன்னலுக்கு வெளியே என்று நீங்கள் கவனிக்காமல் விட்ட உருவங்கள் இருக்கும். கதை முடிந்த பிறகு அவை யார் என்று தெரியும். தொடர் நாவல் என்றால் பாகங்களை முன்பின்னாகவும் படிக்கலாம், பெரும்பாலும் குழப்பம் வராது. ஆனால் முதல் பாகத்தை முதலில் முடித்துவிடுவது நல்லது. குடும்பத்தில் யார் எப்படி என்பதை அதில்தான் நிதானமாகச் சொல்லியிருப்பார்கள்.

இன்னொரு பக்கவிளைவும் உண்டு. படித்த பிள்ளைகள் தாங்களும் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். போன மாதம் அக்கா மகள் ஒரு கோடு போட்ட நோட்டைச் சோபாவிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். பார்க்கக் கூடாதுதான், பார்த்தேன். "எங்க சித்தி தினமும் எனக்குக் கதை படிச்சுக் காட்டுவாங்க. ஒரு நாள்கூடத் தூங்கினதே இல்லை" என்று எழுதியிருந்தது. கீழே படம்: நாற்காலியில் ஒரு குச்சி உருவம், வாய் திறந்திருக்கிறது, முகத்தின்மேல் கவிழ்ந்த புத்தகம், பக்கத்தில் பெரிதும் சிறிதுமாக மூன்று 'கொர்'.